நாற்பது நிமிடம்

இந்த ஊரில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை எல்லாக் கடையையும் அடைத்துவிடுகிறார்கள். வந்த புதிதில் அது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஒரு ஆணி தேவைப்பட்டால்கூட நான்கு மணி வரை சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பழகிய பிறகுதான் அந்த மூன்று மணி நேரத்தின் அருமை தெரிந்தது. நீங்கள் கேட்கிற காரியத்தை முழுக்க அந்த மூன்று மணி நேரத்தில்தான் செய்தேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் இல்லை.

நாங்கள் ஆறு மாதத்துக்கென்றுதான் வந்தோம். என் மனைவி நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறவள். இங்கே இருந்த ஒரே பல் டாக்டர், நீங்களெல்லாம் பெரிய டாக்டர் என்று கூப்பிடுகிறவர், தன் கிளினிக் படியிலேயே வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடமாடும் வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். "ஆறே மாசங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். என் எடத்த அப்படியே வச்சிருக்கறதா ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க" என்றாள். கடலிலிருந்து எட்டு மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் என்றதும் எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் என் வேலைக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். நான் குளிர்பதனப் பெட்டி செய்கிற ஒரு நிறுவனத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறவன். பெட்டி குளிராவிட்டால் நீங்கள் திட்டி எழுதுவீர்கள், "தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்" என்று நான் பதில் எழுதுவேன். பதினான்கு வருடமாக எழுதுகிறேன். ஒரு முறைகூட வருந்தியதில்லை. ஆனாலும் நல்ல கடிதங்கள் அவை, பலர் சமாதானமாகியிருக்கிறார்கள்.

நகரத்தில் எங்கள் வீடு நான்காவது மாடியில். எதிர் வீட்டுக்காரரும் நானும் ஒன்பது வருடம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கினோம். ஒரு நாள் நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடமே "இங்க யார் குடியிருக்காங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

இங்கே வந்த ஐந்தாம் நாள் பேக்கரிக்காரர் நான் கேட்காமலே ரொட்டியைத் தடிமனாக வெட்டிக் கொடுத்து, "டாக்டரம்மா வீட்டுக்காரருக்குத் தடியாத்தான் பிடிக்குமாம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தாம் நாள் முடிதிருத்துபவர் தன் கடை வாசல் பெஞ்சில் எனக்கென்று ஒரு ஓரத்தை ஒதுக்கிவிட்டார். அப்புறம் பற்கள் வரத் தொடங்கின. நான் தபால் பெட்டி வரை போய் வருவதற்குள் நான்கு பேராவது வாயைத் திறந்து காட்டுவார்கள். "கடைவாய்ல பின்னாடி பாருங்க மாமா, இழுக்குது." நான் குனிந்து பார்ப்பேன். எனக்கு என்ன தெரியும்? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வேன். பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது. மீதிப் பேரை மனைவி பார்த்துக்கொண்டாள். உங்கள் கீழ்வரிசைப் பல்லைக்கூட முதலில் நான்தான் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? உப்புத் தண்ணீருக்கு அடங்கவில்லை அது.

என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் ஒருவனுக்கு முதல்முறையாகத் தெருவில் நடப்பது பிடித்துப்போனால் அது சின்ன விஷயம் இல்லை.

என் மனைவிக்கும் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், அவ்வளவுதான். அவள் புத்தகப் பெட்டி மூன்றையும் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள். நானே பிரித்து அலமாரியில் அடுக்கினேன்.

இனி பெரிய டாக்டர். அவருக்கு எழுபத்தோரு வயது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. நாற்பத்து மூன்று வருடம் இந்த ஊரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர். அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, நின்றுகொண்டுதான் வேலை செய்வார். உட்கார்ந்து பல் பிடுங்குவது அவருக்குச் சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவது மாதிரி. மோசமான கடைவாய்ப் பல் ஒன்று கழல நாற்பது நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு. நாற்பது நிமிடம் எதையும் பிடிக்காமல் தன்னால் நிற்க முடிகிற வரை எவர் வாயிலும் கை வைப்பதில்லை என்று தானே சொல்லிவிட்டார். என் மனைவியின் ஒப்பந்தத்திலும் அதையே எழுத வைத்தார். அவர் நாற்பது நிமிடம் நின்றால் நாங்கள் கிளம்பலாம்.

இரண்டாவது பிடிவாதம் கடிகாரம். பல் பிடுங்குகிற அறையில் கடிகாரம் இருந்தால் நோயாளி அதையே பார்ப்பான், வலி இரண்டு மடங்காகும் என்பார். அதனால் அறையில் கடிகாரம் மாட்டியதே இல்லை. கையிலும் கட்டமாட்டார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

கிளினிக் அடைத்திருக்கிற மத்தியான வேளையில், தன் நாற்காலி பக்கத்திலேயே நின்று பழக வேண்டும் என்று அவருக்கு ஆசை. துணைக்கு ஒருவர் வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். ஊரில் அந்த வேளையில் தூங்காத ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். "தம்பி வந்து நில்லு போதும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். தினமும் ஒன்றரை மணிக்குப் போவேன். அவர் கையில் பல் பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு காலி நாற்காலியின் பக்கத்தில் நிற்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் வாரம் நான்கு நிமிடம், அடுத்த வாரம் ஒன்பது. ஐந்தாம் மாதத்துக்குள் முப்பதைத் தொட்டுவிட்டார்.

முதல் பொய் தானாக வந்தது. அன்று முப்பத்தொன்று நின்றார். "எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். நான் இருபத்தொன்று என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த நினைப்பாக இருக்கலாம். அவர், "அவ்வளவுதானா? எனக்கென்னவோ அரை மணி நேரம் ஆன மாதிரி இருந்துதே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முப்பத்தைந்து நின்றால் இருபத்திரண்டு, நாற்பத்திரண்டு நின்றால் இருபத்து நான்கு. ஒரேயடியாகக் குறைத்தால் மனிதர் சோர்ந்துபோவார், அதில் கவனமாக இருந்தேன். மாதத்துக்கு ஒரு நிமிடமாவது கூட்டிச் சொல்வேன். நின்று முடித்ததும் நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்து ஐந்து நிமிடம் கண்ணயர்வார். வெளியே வந்து தெருமுனைக் கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டரையாகியிருக்கும். "நல்லா அசந்து தூங்கிட்டீங்க பெரிய டாக்டர்" என்பேன். வெட்கப்படுவார்.

ஆறு மாதம் எட்டாயிற்று. எட்டு பத்தாயிற்று. மனைவி ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி, "எலும்பு அழகா சேந்திருக்கு. அப்புறம் ஏன் இருபத்தாறுலயே நிக்கறாரு?" என்றாள்.

"வயசாச்சுல்ல" என்றேன்.

"அவர ஸ்டூல்ல உக்காந்து பாக்கச் சொல்லுங்களேன். நான் உக்காந்துதான பாக்கறேன்? பக்குவமா எடுத்துச் சொன்னா கேப்பாரு. உங்ககிட்ட அவருக்குப் பிரியம்."

நல்ல யோசனை. எனக்கே அது அதுவரை தோன்றவில்லை. அடுத்த நாள் அவரிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியிடம், "சொன்னேன், ரொம்பக் கோபப்பட்டாரு. இனி அந்தப் பேச்சே எடுக்காத" என்றேன். அறையிலிருந்த ஸ்டூலைப் பின்கட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி அதைத் தேடி ஒரு காலைப் பொழுதை வீணடித்தாள் பாவம்.

ஒரே ஒரு முறை அவருக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, உன் வாட்ச் சரியா ஓடுதா?"

"ரேடியோவ வச்சு தினம் சரிபாக்கறேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அன்று சாயங்காலம் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வீடு வரை நடந்து வந்தார். "மத்தியானம் உன்னப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்பா. என் காலு சரியில்லாததுக்கு உன் வாட்ச் என்ன செய்யும்? மனசுல வச்சுக்காத" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. கடிதத்தில் எழுதுகிற வருத்தம் இல்லை, நிஜமான வருத்தம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நாற்பத்தொன்பது நிமிடம் நின்றார். இருபத்தேழு என்றேன்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். நயமில்லாத கடிதம், நான் எழுதியிருந்தால் இன்னும் இதமாக எழுதியிருப்பேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு அழுதாள். அழுதபடியே நேராகப் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போய் அவரிடம் காட்டிவிட்டாள். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இன்னிக்கு நாப்பதத் தொடாம உக்கார மாட்டேன். என்னால அந்தப் பொண்ணோட வாழ்க்கை கெடக் கூடாது. அவள ஊருக்கு அனுப்பிட்டுத்தான் மறு வேலை" என்றார்.

நின்றார். நாற்பதாவது நிமிடத்தில் எவ்வளவு என்று கேட்டார். பதினெட்டு என்றேன். ஒரு மணி நேரம் நிரம்பியபோது மறுபடி கேட்டார், இருபத்தாறு என்றேன். அவர் முழங்கால் நடுங்கியது, சட்டை நனைந்துவிட்டது, ஆனால் குறடு பிடித்த கை மட்டும் ஆடவே இல்லை. ஒரு மணி இருபது நிமிடத்தில் முப்பத்துமூன்று என்று சொல்லிவிட்டு, "போதும், உக்காருங்க பெரிய டாக்டர், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், உட்காரச் சொன்னேன். அவர், "இன்னும் ஏழு நிமிஷம்தானடா" என்றார். முதல்முறையாக என்னை 'டா' போட்டார். ஒரு மணி நாற்பத்தாறாவது நிமிடத்தில், "ஆச்சா?" என்றார்.

நாற்பது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "முப்பத்தெட்டு" என்றேன்.

விழுந்தபோது நாற்காலியின் இரும்பு அடிப்பாகத்தில் தலை இடித்தது. இடுப்பின் இன்னொரு பக்கமும் போயிற்று. பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். ஊரே வந்திருந்தது. அவர் தலைமாட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள், சொந்த மகன் மாதிரி பார்த்துக்கொண்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும், கிளினிக் நர்ஸக்கா இல்லாவிட்டால். வழக்கமாக ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறவள் அன்று மட்டும் பின்கட்டில் இருந்திருக்கிறாள். யாருக்கோ பல்செட் அவசரம். அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினால் அது இறுக முக்கால் மணி நேரம் ஆகுமாம். என் மனைவியிடம் வந்து சொல்லியிருக்கிறாள்: "பெரியவரு நின்னப்ப மேல்வரிசை ஊத்தினேம்மா. அது கல்லாயி, கழட்டி வச்சு, கீழ்வரிசையும் ஊத்தினேன். அதுவும் கல்லாயிடுச்சு. அப்பதான் இவரு முப்பத்தெட்டுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அதெப்படிம்மா?" அதிகம் படிக்காதவள் என்று நான் அவளைக் கொஞ்சம் குறைவாக நினைத்துவிட்டேன்.

மனைவி என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எவ்வளவு நேரம் நின்னாரு?" அவளிடம் எனக்குப் பொய் வராது. ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம் என்றேன். எத்தனை மாதமாக என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு காலைப் பஸ்ஸில் போய்விட்டாள். போகிற வழியில் உங்கள் ஸ்டேஷனில் இறங்கிச் சொல்லிவிட்டுப் போனாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் எனக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த நகரம் அவளை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இங்கே அவளை எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு நிம்மதியான தூக்கம் வந்தது, அல்லது வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவள் நல்லதுக்காகத்தான் ஒவ்வொரு நிமிடத்தையும் குறைத்தேன்.

திங்கட்கிழமை புது டாக்டர் வருகிறாராம். ஊர் புதிது, யாராவது கூட இருந்து எல்லாம் காட்ட வேண்டும். இந்த விசாரணை அதற்குள் முடிந்தால் நன்றாயிருக்கும். அவள் போய் ஒன்பது நாள் ஆகிறது. அவளுக்காகத்தான் செய்தேன் என்றால் நானும் அவளோடு போயிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்துப் பார்க்கிறேன். அப்படி ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.