பழைய கெர்னலை இன்னைக்கு அழிச்சிறாதீக

இருங்க சார், எந்திரிக்காதீக. டீய ஆத்திக் குடிங்க. ரெண்டு மணி வரைக்கும் கொத்தமங்கலம் பூராவும் மின்தடை. மெட்ராஸ்லருந்து அம்புட்டுத் தூரம் வந்துட்டு இந்த ஒத்தக் கம்ப்யூட்டர் பொட்டியில பழைய கெர்னலை அழிக்கப் பதறுறீகளே!

ஆமா, உங்க ரிப்போர்ட்டு சரிதான். நம்ம கம்பெனி பாக்குற பொட்டியெல்லாம் புதுக் கெர்னல்ல, அதான் பொட்டிய எழுப்பி ஓட்டுற அடிப்படைப் புரோகிராமுல, ஓடுது. இந்தச் செட்டியார் வீட்டு ஓட்டல் பொட்டி மட்டும் அப்பப்பப் பழசுல எந்திரிக்குது. ஏன் ஆண்டனின்னு நீங்க கேக்குறது நாயந்தான்.

பழசோட கொணம் உங்களுக்குத் தெரியாததா? ரூம் சாவிக் கார்டு போடுற புரோகிராம், பொட்டி எந்திரிச்சதும் யாரும் ஊகிக்க முடியாத ரகசிய எண் வேணும்னு கெர்னல்கிட்ட ஒரு சிஸ்டம் கால் போடும், அதான் கேட்டு நிக்கும். பழசு என்ன பண்ணும்? இரு, எண்ணு உண்டாக்க வேண்டிய தாறுமாறு இன்னும் சேரலன்னு நிப்பாட்டி வச்சிரும். யாராச்சும் கீபோர்டைத் தாறுமாறாத் தட்டுனாத்தான் அதுலருந்து சேத்துக் குடுக்கும். புதுசுலயும் அதே கால்தான், ஆனா காக்க வைக்கிறதில்ல. அதுவாவே சேத்து டக்குனு குடுத்திரும்.

இல்ல சார், கத விடல. ரிசப்ஷன்ல அகல்யான்னு ஒருத்தவுக, திருப்பத்தூர்க்காரவுக. கரண்டு போயி வந்து பொட்டி மலைச்சு நின்னா எனக்குத்தான் போன் போடுவாக. காரைக்குடியிலருந்து வண்டிய முறுக்குவேன். கீபோர்டுல பத்துத் தட்டு, வேலை முடிஞ்சது. அந்த ரகசியத்த மட்டும் அவுககிட்ட மூச்சு விடல. கம்பெனி ஆளுதான் பண்ணணும்னு அடிச்சு விட்டேன். சிரிக்காதீக சார். நான் வேதக்காரப் பய, அவுக முனியாண்டி கும்புடுற வீடு. வேற எப்பிடிப் போயிப் பேச?

மே மாசம் கைப்புள்ளையோட ஒரு குடும்பம், கார்டு இல்லாம வாசல்ல வெந்துக்கிட்டு நிக்குது. எனக்கே அசிங்கமாப் போச்சு. அன்னைக்கே புதுக் கெர்னலை ஏத்திட்டேன். பழசும் லிஸ்ட்டுல ஒரு ஓரமாக் கெடக்கட்டும்னு விட்டேன், அவுக பக்கத்துல நின்னுதான் பாத்தாக. இனிமே நான் வரவேண்டியதில்லன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுல சோறு எறங்கல சார்.

ரெண்டே வாரம், போன் வந்திருச்சு. ஆண்டனி, திரும்ப நிக்குதுன்னு. போயித் தட்டிட்டு வந்தேன். அப்பறம் அதே மாதிரி ஏழு தடவ. ஆனா ஒரு கெஸ்ட்டு கூட நின்னதில்ல, ஆள் வராத நாளாப் பாத்து நிக்கும். நானும் நோண்டிப் பாக்கல. பாத்தாச் சரியாயிருமே.

உங்க மெயில் வந்த பெறகு நேத்துத்தான், பொட்டி தானா எழுதி வைக்கிற லாகைத் தொறந்தேன். ஒவ்வொரு தடவையும் புதுசு நல்லாத்தான் எந்திரிச்சிருக்கு. அஞ்சு நிமிசத்துல யாரோ ஆஃப் பண்ணி, எந்திரிக்கையில வர்ற லிஸ்ட்டுல பழசத் தேடிப் பிடிச்சு எடுத்திருக்காக. டூட்டி நோட்டையும் பாத்தேன். எட்டு நாளும் அகல்யாதான்.

இந்தா, கரண்டு வந்ததும் அகல்யா போனும் வந்திருச்சு பாருங்க. அழிக்கிறத நாளைக்கு வச்சுக்கலாம் சார், நானே அழிச்சுத் தாரேன். நீங்க இன்னொரு டீ சொல்லுங்க. இன்னைக்குக் கீபோர்டைத் தொடாம, ஏன்னு அவகிட்ட நேராவே கேக்கப் போறேன்.