இரண்டு கூடை

எனக்குப் பூனைகளைக் கண்டாலே ஆகாது, ஐயா. சட்டையெல்லாம் முடி. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

வெளியே போக முடியாதவர்களுக்கு எங்கள் அலுவலகம் வாராவாரம் இலவசமாகச் சாமான் அனுப்புகிறது. போனில் இரண்டு கூடைகளைக் காட்டுவோம். ஒன்றைத் தொட்டால் அது வீட்டுக்கு வரும். யாருக்கு எதைவிட எது பிடிக்கும் என்பதை அந்தத் தேர்வுகளிலிருந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். அதற்குப் பாடம் எடுப்பவன் நான். அரிசியா, கோதுமையா என்பதெல்லாம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு.

மாத்திரையில்தான் திணறியது. மருந்து இரண்டு கூடையிலும் இருந்தே ஆகவேண்டும் என்று மேலாளர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். இரண்டிலும் இருந்தால் அதன் அருமை எப்படித் தெரியும்? ஒன்றை விட்டுக்கொடுத்தால்தானே தெரியும்? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அந்த விதியை எடுத்துவிட்டேன்.

என் மேல்வீட்டு டீச்சர் அக்கா. ஓய்வுபெற்றவர், தனியாள், மூட்டுவலியால் படி இறங்கமாட்டார். தங்கமான மனுஷி. எதையும் யோசித்துத்தான் எடுப்பார், அதனால்தான் அவர். ஒரு கூடையில் அவருடைய இதய மாத்திரை, மறு கூடையில் அவர் பூனைக்கு மீன். மற்றதெல்லாம் ஒன்றுதான். முதல் வாரமே போன் வந்தது.

“தம்பி, ரெண்டும் சேந்து வராதாப்பா?”

“ஒண்ணுதான் எடுக்க முடியும்க்கா. உங்களுக்கு எது வேணுமோ அத எடுங்க.”

“இவன் பசி தாங்கமாட்டான்பா. மாத்திரைய அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அடுத்தடுத்த வாரங்களில் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், எந்த இடத்தில் மாத்திரைக்கு மாறுவார் என்று பார்க்க. மாறவே இல்லை. எட்டாவது வாரம் ஒரே ஒரு துண்டு வைத்தேன். அதையும் எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட பாசம்!

ஒன்பதாவது வாரம் எந்தக் கூடையையும் தொடவில்லை. ‘பதில் இல்லை’ என்று குறித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பூனை விடாமல் கத்துகிறது என்று எதிர்வீட்டார் சொன்ன பிறகுதான் உங்கள் ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தேர்வு அவருடையது என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்.

பூனையை நான்தான் எடுத்துவந்தேன், பாவம், வேறு யார் இருக்கிறார்கள்? இன்று கிளம்பும்போதுகூட ஒரு கிண்ணத்தில் மீன், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் வாய் வைத்ததும் மற்றதை எடுத்துவிடுவேன். நான் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஐயா.