மணலுக்கடியில் ஒரு சங்கு

கடல் மீன் வளர்ப்பது நன்னீர் மீன் வளர்ப்பதைப் போல இல்லை, ஐயா. கப்பி மீன் என்றால் போத்தலில்கூட வளர்க்கலாம். கடல் மீனுக்கு மணல் போட வேண்டும், பவளப்பாறையில் உடைத்த முருகைக்கல் வைக்க வேண்டும். அந்தக் கல்லோடு நாம் கூப்பிடாத ஆட்களும் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். பொந்துக்குள் இருந்து அடிக்கிற இறால், உடம்பெல்லாம் மயிர் முளைத்த புழு, நகமளவு வந்து உள்ளங்கையளவு வளர்கிற நண்டு. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் என் தங்கையின் கணவன் அத்தாஉல்லா. கற்பிட்டியில் அலங்கார மீன் பிடிக்கச் சுழியோடுகிறவன். அவனுடைய தொட்டிதான் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது.

எங்கள் வீடு என்றேன். சரியாகச் சொன்னால் என் தங்கை ஹஃபீலாவின் வீடு. தொண்ணூறில், யுத்த காலத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்கள் எல்லோரையும் துரத்தியபோது அவளுக்கு நான்கு வயது. கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் வழி முழுக்க என் மடியிலேயே சத்தி எடுத்தாள். உம்மா அகதி முகாமில் மௌத்தான பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், 'நானா' என்று அவள் கூப்பிடுகிற இந்த அண்ணன்தான். நான் கலியாணம் முடிக்கவில்லை. பாலாவியில் உப்பு லொறி ஓட்டி, தில்லையடியில் கல்வீடு கட்டி, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தேன். பின்னறையில் நான் இருந்தேன். யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் அத்தாஉல்லாவுக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. அவனும் மன்னார்தான். ஒரு நாள் பகல் சோறு போடும்போது ஹஃபீலா சொன்னாள்.

"நானா, இவங்க காணியப் பாத்திட்டு வந்திருக்காங்க. கிணறு அப்பிடியே இருக்காம். பெருநாள் முடியப் போகப் போறோம்."

"நானும் வரவா?"

அத்தாஉல்லா சிரித்தான். "நீங்க இந்த வீட்டப் பாத்துக்கங்க மச்சான். நாங்க இடைக்கிடை வந்து போவம்."

நான் கட்டிய வீட்டுக்கு என்னையே காவற்காரனாக்கிவிட்டு, என் பிள்ளையைக் கொண்டுபோகிறானாம். அந்த நிமிடம் அவனை வெறுத்தேன். சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழும்பினேன்.

கூம்பு வடிவச் சங்கைப் பற்றியும் அவன்தான் சொல்லியிருந்தான். பழுப்புக் கோலம் போட்ட அழகான சங்கு. பகலில் மணலுக்குள் கிடக்கும், இருட்டினால் தூங்குகிற மீனை விழுங்கும். மனிதனைக் குத்தினால் முள்ளுக் குத்தியது போலத்தான் இருக்குமாம், பிறகு மூச்சு அடங்கிவிடுமாம். மாற்று மருந்து இல்லை. அலுமாரியில் வைக்க அழகான சங்கு வேண்டும் என்று உடப்பில் கரைவலை இழுக்கிறவர்களிடம் சொல்லிவைத்தேன். உயிரோடு ஒன்று கிடைத்தது. வாளியில் கொண்டுவந்து கல்லுக்குப் பின்னால் மணலில் விட்டேன்.

மீன்கள் குறையத் தொடங்கின. அத்தாஉல்லா முதலில் புழுவைச் சந்தேகப்பட்டான், பிறகு நண்டை. சாவணத்தால் பிடித்துப் பிடித்து வெளியே எறிந்தான். அதுகள் செத்ததை மட்டும் தின்கிற சாதி, ஐயா. தொட்டியைத் துப்புரவாக வைத்திருந்ததே அதுகள்தான். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. ஹஃபீலாவை மட்டும் தொட்டிக்குள் கைவைக்க நான் விடவில்லை. "உப்புத் தண்ணி, கை வெடிச்சிரும் மகள்" என்று தடுத்துவிடுவேன்.

கடைசியில் ஒரு காலையில் அவன் கல்லைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வெறுங்கையால் மணலைத் துழாவினான். நான் கதிரையில் இருந்து பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"என்னமோ குத்திச்சு மச்சான்."

"புழுவாத்தான் இருக்கும்" என்றேன்.

விரலைச் சூப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உதடு மரத்துவிட்டது என்றான். அதன் பிறகு அவன் சொன்னது விளங்கவில்லை. ஹஃபீலா ஓட்டோ பிடிக்கச் சொல்லிக் கத்தினாள். போனேன். முதலில் வந்த ஓட்டோவில் சீற் கிழிந்திருந்தது, அதனால் அனுப்பிவிட்டு அடுத்ததற்கு நின்றேன்.

எல்லோரும் மாரடைப்பு என்றே நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஜனாஸாவை வெட்டிப் பரிசோதிக்காமல் தரச் சொல்லி அழுது மன்றாடியவன் நான்தான். அன்றைக்கே, அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கியாகிவிட்டது. இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று சனம் கதைத்தது.

கணவன் போன துக்கத்தில் அவள் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களைப் போல நிம்மதியான காலம் எனக்கு வாய்த்ததில்லை. அவள் வாசலைத் தாண்டவில்லை. நானே சமைத்தேன், நானே கூப்பிட்டுச் சாப்பிட வைத்தேன். தொட்டிக்கு முன்னால் இருந்து அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். சங்கையும் பட்டினி போடவில்லை. அவ்வப்போது உயிர் மீன் வாங்கிவந்து விட்டேன்.

நேற்று இத்தா முடிந்தது. குளித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"நானா, நான் மன்னாருக்கே போறன். மாமி முன்னமே அங்க போய்த் தனிய இருக்காங்க. இவங்கட ஆசையும் அதுதானே."

"அப்ப நான்?"

"நீங்க இனியாவது ஒரு கலியாணத்த முடிங்க நானா."

சிரித்துக்கொண்டு சொன்னாள், ஐயா. அத்தனை மாதத்தில் முதன்முதலாக அப்போதுதான் சிரித்தாள். போகிற சந்தோசம்.

இன்று காலையில் தொட்டியை வெறுமையாக்கப் போவதாகச் சொன்னாள். மீனைக் கடலில் விட்டுவிட்டு, மணலை அள்ளிக் கொட்டித் தொட்டியைக் கழுவ வேண்டுமாம். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு நின்றாள். வீட்டில் இருந்திருந்தால் சங்கைப் பற்றி வாய் தவறிச் சொல்லியிருப்பேன். அதனால்தான் சாரத்தை மாற்றிக்கொண்டு நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்தேன்.

உட்காருங்கள் ஐயா. ஜீப்பை எடுத்துப் பிரயோசனம் இல்லை, நான் இவ்வளவு நேரம் கதைத்துவிட்டேன். அத்தாஉல்லாவைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஹஃபீலாவுக்கு நான் ஒரு நாளும் தீங்கு நினைத்ததில்லை. மன்னார் என்ன பக்கத்திலா இருக்கிறது. அத்தாஉல்லாவை அடக்கிய மையவாடி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. எத்தனை வருடம் தந்தாலும், வெளியே வந்ததும் நடந்தே போய் அவளைப் பார்த்துக்கொள்வேன்.