காற்று படாத குளியல்

கேஸ் கீசர் நல்லதா, கரண்ட் கீசர் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது மேடம். வீட்டைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் குளிக்கிறார்கள், ஒயரிங் புதுசா பழசா, காலையில் யாருக்கு எவ்வளவு அவசரம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஈஜிபுராவில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டின் ஒயரிங் பழசு. வாஷிங் மெஷின் ஓடும்போது கீசரையும் போட்டால் வீடே இருட்டாகிவிடும். அதனால் கேஸ் போடலாம் என்றேன். சொன்னது நான்தான். அதை யாரிடமும் மறுத்ததில்லை.

வீணா உங்களிடம் கொடுத்த புகாரில் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பொறாமை என்று ஒரு வார்த்தை கட்டாயம் இருக்கும். அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதை நானே சொல்கிறேன். பெங்களூர்ப் போலீஸாக இருந்தும் நீங்கள் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்கள், அதனால் எனக்கும் சிரமமில்லை.

என் வீட்டுக்காரர் கவியரசன். அவருடைய தம்பி கவின். கவினின் மனைவிதான் கிருத்திகா, செத்துப்போனவள். கவினும் அவளும் ஐ.டி. கம்பெனியில் வேலை. நான் வீட்டில் இருப்பவள். சமைப்பேன், துவைத்ததை மடிப்பேன், அவர்கள் வந்ததும் காபி கொடுப்பேன். கிருத்திகா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பெண். அவளைப் பிடிக்காது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோவில் இல்லை. கிருத்திகாவுக்குக் கல்யாணமான வருஷமே கரு தங்கிவிட்டது. வளைகாப்புக்கு ஐந்து வகைச் சாதமும் நான்தான் கிளறினேன். வளையல் அடுக்கி முடித்ததும் என் மாமியார் சொர்ணம் என்னையும் இழுத்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். "பிரபாவுக்கும் ரெண்டு போட்டு விடுங்க, அவளுக்கும் தங்கட்டும்" என்றார். அப்படி ஒரு வழக்கம் உண்டு மேடம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நாற்பத்தொரு வயது. தலையில் நரை. அத்தனை பேர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிருத்திகாதான் போட்டுவிட்டாள். போடும்போது அவள் கண் கலங்கியது. அவள் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பரிதாபப்பட்டாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய கரண்ட் கீசர் போய்விட்டது. கிருத்திகா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "கரண்ட்தான் சேஃப் அக்கா, ஒயரிங்க மாத்திக்கலாம்" என்றாள். நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்ற வாளி வாளியாகச் சுடுதண்ணீர் வேண்டும், கரண்ட் கீசரில் பாதிக் குளியலிலேயே தண்ணீர் ஆறிப்போகும், கேஸ் என்றால் திறந்திருக்கும் வரை வந்துகொண்டே இருக்கும் என்றேன். எல்லாமே நியாயமான பேச்சு. "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கவின் முடித்துவிட்டான். அப்போது என் மனசில் ஒன்றுமே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மாட்ட வந்தவர் டிரேவர் என்று ஜீவனஹள்ளிப் பக்கத்துக்காரர். கீசரை வெளியே பால்கனியில் மாட்டுவதுதான் முறை என்றார். சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. கடைசியில் குளியலறைக்குள்ளேயே மாட்டினார். போகும்போது, மேலே இருந்த சின்ன ஜன்னலைக் காட்டி, "சிஸ்டர், இத மட்டும் எப்பவும் குளோஸ் பண்ணாதீங்க. எரிஞ்ச கேஸ் உள்ளயே நின்னுடும். ஸ்மெல்கூட வராது, ஆள் காலி" என்றார். அன்றைக்கு வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மற்றவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஜன்னல் எப்போதும் திறந்துதானே கிடக்கிறது, இதை வேறு எதற்குச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

பாப்பா பிறந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் பார்க்க வேண்டியது. கிருத்திகாவுக்கு அம்மா இல்லை. அப்பா நாராயணசாமி அடுகோடியில் தனியாக இருந்தார், தங்கை வீணா அப்போது புனேயில். ஆகவே எல்லாம் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மருந்து கிளறினேன், பத்தியச் சமையல் செய்தேன், பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். தூளி கட்ட நல்ல பழைய நூல் புடவை வேண்டும். கிருத்திகாவிடம் ஏது புடவை? இருந்த இரண்டும் ஜரிகை, குழந்தைக்குக் குத்தும். என் ஊதா நூல் புடவையைக் கிழித்துப் பாதியில் தூளி கட்டினேன். பாப்பா என் புடவையில்தான் தூங்கினாள் மேடம். பால் குடிக்க மட்டும்தான் அவளிடம் போவாள். அந்த நேரத்தில் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. வயிறு எரியும். என்னிடம் எல்லாம் இருந்தது, அது ஒன்றுதான் இல்லை.

மாமியார் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார். கிருத்திகாவுக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த ஜன்னல்தான்.

"பச்ச ஒடம்புக்காரி, காத்து பட்டா ஜன்னி கண்டுடும். அத அடைம்மா பிரபா."

பெங்களூர்க் குளிர் உங்களுக்குத் தெரியாததா. அவர் சொன்னதில் தப்பே இல்லை. டிரேவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். தூளி கட்டியது போக மீதியிருந்த பாதிப் புடவையைச் சுருட்டி நானே அடைத்தேன். ஸ்டூலைக் கிருத்திகாதான் பிடித்துக்கொண்டாள். "விழுந்துடப் போறீங்க அக்கா" என்றாள்.

அன்று குளித்துவிட்டு வந்தவள் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி எடுத்தாள். "பச்ச ஒடம்பு, அப்படித்தான் கெறங்கும், ஒரு வாய் ரசம் கொடு" என்றார் மாமியார். அடுத்த முறையும் அப்படித்தான். மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் குளித்துவிட்டு வந்துவிடுவோம், அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் போனபோது அவள் தலைசுற்றல் என்றாள், ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். கீசரைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவள் நான்தான். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்த நாட்களில் அவள் குளிக்கும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியிலேயே நிற்பேன். அவளைத் தாழ்ப்பாள் போட விடமாட்டேன். கொஞ்ச நேரம் ஆனால், "போதும் வாம்மா" என்று தட்டுவேன். எத்தனை தடவை தட்டிக் காப்பாற்றியிருக்கிறேன் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீணா நிச்சயம் எழுதியிருக்கமாட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கவின் சொன்னான்.

"அண்ணி, சர்ஜாபுரா ரோட்ல ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கோம். ஆபீஸ் பக்கம். பாப்பாவ பாத்துக்க ஒரு ஆயாவும் கெடச்சிருக்காங்க."

"ஆயாவா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

கிருத்திகா என் கையைப் பிடித்தாள். "எவ்ளோ நாள்தான் நீங்களே கஷ்டப்படுவீங்க அக்கா? உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ல. லீவு நாள்ல பாப்பாவ கூட்டிட்டு வருவோம்."

எனக்கு ரெஸ்ட். சம்பளத்துக்கு வருகிற யாரோ ஒருத்தி என் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உலாத்துவாள், நான் ரெஸ்ட் எடுத்துக்கொண்டு லீவு நாளுக்குக் காத்திருக்க வேண்டும். நான் கோபப்படவில்லை. பாயசம் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை மாமியார் கோவிலுக்குப் போயிருந்தார். ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கிருத்திகாவுக்கு நானே தலைக்கு எண்ணெய் வைத்தேன். சூடு பறக்கத் தேய்த்தேன். சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கி நல்லா நிதானமா ஊத்திக்க. அவசரமே இல்ல. பாப்பா எங்கிட்ட இருக்கா. கதவ நல்லா சாத்திக்க, காத்து வருது" என்றேன். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அக்கா" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் தூளி பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டினேன். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு முறை சொம்பு கீழே விழுந்து உருண்டது. பாப்பா திடுக்கிட்டு விழித்தாள், தட்டிக் கொடுத்தேன். தண்ணீர் மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. கேஸில் அதுதான் வசதி என்று முன்பே சொன்னேனே. நான் எழுந்து போய்த் தட்டவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. அன்றைக்கு நான் செய்யாதது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்பா அசந்து தூங்கிய பிறகுதான் கத்தினேன். கீழ் வீட்டு மரியாவும் அவள் புருஷனும் ஓடிவந்து கதவை உடைத்தார்கள். அவளை வெளியே தூக்கிப் போகிற பரபரப்பில் நான் ஸ்டூலில் ஏறி ஜன்னல் துணியை உருவினேன். மாமியார் திரும்பி வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "நான்தானடி அடைக்கச் சொன்னேன், பாவி நான் கொன்னுட்டேனே" என்று அழுதார். அவர் தோளை அணைத்துக்கொண்டேன். "ஜன்னல் அடைச்சத போலீஸ்ல சொல்லிடாதீங்க அத்த, உங்கள உள்ள வெச்சுடுவாங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார். உங்கள் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் சரியாகியிருக்கும். பாப்பா என்னிடம் இருந்திருப்பாள். காரியத்துக்கு வந்த வீணா, அப்பா தனியாக இருக்கிறார் என்று புனேயை விட்டுவிட்டு அடுகோடிக்கே குடிவந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை. "நான் பால் கொடுத்து வளர்க்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் பாப்பாவைக் கேட்டாள். கவின் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பால். கடைசியில் அதிலேயே வந்து நின்றது பாருங்கள்.

தூளிப் புடவையையும் துவைத்து மடித்து வீணா திருப்பி அனுப்பிவிட்டாள்.

போன வாரம் பாப்பாவைப் பார்க்க அடுகோடிக்குப் போனேன். மரக்கட்டிலில் கம்பி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வீணாவைப் பார்த்துச் சிரிக்கிறாள் பாப்பா. என்னைப் பார்த்து அழுதாள், பழக்கம் விட்டுப்போனதால்தான். கை கழுவப் போனபோது குளியலறையைப் பார்த்தேன். புது கரண்ட் கீசர். மேலே சின்னதாக ஒரு ஜன்னல். திரும்பி வந்து சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"கரண்ட் பில்லு எகிறுமே வீணா. ரெண்டு கொழந்த இருக்கற வீடு. கேஸ் போட்டுடேன், தண்ணி நிக்காம வரும்."

வீணா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் அழுதுகொண்டே ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிட்டார். டிரேவரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான் என்றீர்கள். கெட்டிக்காரி.

ஆக, கிருத்திகாவைக் கொன்றது நான்தான். மாமியாருக்கு இதில் சம்பந்தமில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இந்தப் பையில் அந்தப் புடவை இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். எங்கே எந்தப் பாதி இருந்தது என்று எனக்கே இப்போது தெரியவில்லை. சாட்சிக்கு வேண்டுமென்றால் பார்த்துவிட்டு வீணாவிடம் கொடுத்துவிடுங்கள், பாப்பாவுக்குத் தூளி கட்டட்டும். அந்தக் கட்டிலில் அவள் ராத்திரி முழுக்க அழாமல் தூங்குகிறாள் என்று வீணா சொன்னாள். என் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள் மேடம். பொறாமை பிடித்தவள். என் புடவை இல்லாமல் பாப்பா எப்படித் தூங்குவாள்?