சுண்ணாம்பு விற்ற வாயால் சொல்கிறேன்

பேச்சு நீண்டால் மேசையைத் தட்டுவேன் என்று என்னை மிரட்டிவிட்டுத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கட்டிய மூட்டைகளை நேற்று அவிழ்த்து, இன்று நிம்மதியாக உலை வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கரைத்தெருக் கடைக்காரர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வியாபாரியின் வணக்கம்!

ஊரைக் காலி செய்ய வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! தட்டுங்கள் ஐயா, இதற்குக் கை தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது?

இந்த ஊர் எப்படிப் பிறந்தது? மன்னர் கட்டினாரா? மகான் வாழ்த்தினாரா? இல்லை! ஆறு வளைகிற இடத்தில் தானியப் படகு ஒன்று தரைதட்டியது. சரக்கை இறக்கினார்கள், இறக்கிய இடத்திலேயே விற்றார்கள், விற்ற இடத்திலேயே குடியேறினார்கள். விபத்தில் பிறந்து வியாபாரத்தில் வளர்ந்த ஊர் இது! பின்னர் பாலம் வந்தது. படகுத் தொழில் படுத்தது. ஊர் படுத்ததா? கிடங்குகளைக் கடைகளாக்கிக் கதவைத் திறந்தது!

வெள்ளம் வரவில்லையா? வந்தது. நாம் ஆற்றைத் திட்டவில்லை, அளந்தோம்! தண்ணீர் வடிந்த அன்றே, ஈரம் ஏறிய உயரத்தில் சுவரில் கரிக்கோடு கிழித்து ஆண்டை எழுதுவோம். அந்தக் கோட்டுக்கு மேலேதான் அலமாரி, அலமாரியில்தான் சரக்கு.

அப்படிப்பட்ட ஊர், பெருவெள்ளம் வந்தால், அரசாங்க வரைபடக் கணக்குப்படி இரண்டாள் உயரத் தண்ணீரில் மூழ்குமாம். எல்லாரும் எட்டுக் கல் தள்ளி மேட்டு நிலத்துக்குப் போக வேண்டுமாம். முடிவெடுக்க ஓர் அதிகாரி அம்மா நேரில் வருகிறார் என்றார்கள். நாம் என்ன செய்தோம்? நல்ல பேர் வாங்க, கரைத்தெரு முழுக்க உள்ளும் புறமும் வெள்ளையடித்தோம்! அந்தச் சுண்ணாம்பை விற்றது யார்? பின்வரிசைத் தையல்காரரே, விரலை நீட்ட வேண்டாம். நானேதான்!

அதிகாரி அம்மா என் கடையேறிக் கேட்டார்: “இதுவரைக்கும் வெள்ளம் எவ்வளவு உசரம் வந்திருக்கு? அத்தாட்சி இருக்கா?”

“சுவத்துலயே இருக்கும்மா, பாருங்க!” என்று கைநீட்டினேன்.

சுவர் பளபளத்தது. “என்னத்தப் பாக்குறது?” என்றார் அவர்.

என் மனைவி காதருகே வந்து, “மிச்சம் இருந்தா உங்க மூஞ்சிக்கும் ஒரு கை அடிச்சுக்கோங்க” என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட ஊர் உலகத்தில் வேறு உண்டா?

பதின்மூன்று கடை ஏறினோம். பதின்மூன்றும் பால் வெள்ளை. கடைசிக் கடை முடிதிருத்தும் அண்ணனுடையது. அவரும் அடித்திருந்தார். ஆனால் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றாமல் சுற்றி அடித்திருந்தார்! “சோம்பேறி மனுசன்மா! கண்ணாடியக் கழட்டுய்யான்னா, அதுக்குப் பின்னாடி யாரு பாக்கப் போறாங்கன்னு கேட்டாரு” என்று அண்ணி புகார் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது.

“அண்ணே, கழட்டுங்க!”

“பாதிச் சவரத்துல ஆள் உக்காந்திருக்காரு. முடிச்சிடறேன்.”

“ஊரே போகப் போகுது, கழட்டுங்கண்ணே!”

பாதி முகத்தில் நுரையோடு இருந்த தபால்காரரே எழுந்து ஒரு பக்கம் பிடித்தார். கண்ணாடி இறங்கியது. ஒன்றா, இரண்டா? ஏழு கோடுகள்! அறுபது ஆண்டு வெள்ளம், அண்ணனின் தாத்தா, அப்பா, அண்ணன் என்று மூன்று கையெழுத்தில்! எல்லாவற்றிலும் உயர்ந்த கோடு அண்ணனின் இடுப்பைத் தாண்டவில்லை!

அதிகாரி அம்மா நாடாவைப் பிடித்து ஏழையும் அளந்தார். “மத்தக் கடையில எல்லாம் இது எங்க போச்சு?”

நான் தபால்காரர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அண்ணன்தான் சொன்னார்: “விருந்தாளி வர்றீங்கன்னு ஊருக்கே சவரம் பண்ணிட்டோம்மா.”

அவர் சிரித்துவிட்டார். அந்த அளவுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். வரைபடம் தோற்றது, கரிக்கோடு வென்றது!

அன்பர்களே! நாம் மறைத்தது கறையையா? இல்லை, நம் பட்டாவை! மூழ்கினோம் என்பதற்கா அது சாட்சி? எழுந்தோம் என்பதற்குச் சாட்சி! ஆறு இனி அடங்கி ஓடும் என்று நான் உறுதி தரமாட்டேன். அது என் சரக்கில்லை. எட்டாவது கோடு இன்னும் மேலே விழலாம். விழுந்தால் அலமாரியை உயர்த்துவோம்; ஊரை நகர்த்தமாட்டோம்!

நாளை காலை கொத்தனார் மட்டம் பிடித்து, அந்த ஏழு கோடுகளையும் எல்லாச் சுவரிலும் இறக்குவார். வண்ணம் என் கடையில் இலவசம். என்னம்மா சிரிக்கிறீர்கள்? ஆமாம், இலவசம்! இந்தச் சொல்லை என் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறீர்கள். மாற்றிப் பேசுவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. குறுக்கே பேசியவர்களுக்கும் நன்றி. நாளையும் இதே தெருவில், இதே கதவுகளைத் திறக்கப் போகும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்!