படுத்துக்கொள்ளும் ஆண்டெனா

— அப்பா! திரும்பவும் ரௌட்டர் ஆண்டெனா ரெண்டையும் படுக்கப் போட்டிருக்கே!

— நானா? அபாண்டம்! அதுமேல தூசி கூட நான் தட்டினதில்லே.

— இந்த வீட்டுல இப்போ நீயும் நானும்தான். நான் நிமிர்த்தி வெச்சுட்டுத் தூங்கப் போறேன், காலம்பற பார்த்தா ரெண்டும் படுத்துண்டிருக்கு.

— வயசான ரௌட்டர், ரக்ஷா. காலை நீட்டிண்டிருக்கும்.

— ஜோக்கா? நேத்து இன்டர்வியூ நடுவுல நெட் போய், வாயைத் திறந்தபடி ஸ்க்ரீன்ல அப்படியே நின்னுட்டேன். போனாப் போறதுன்னு இன்னைக்குப் பத்து மணிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்திருக்கா. இதுவும் கட்டானா அந்த வேலை எனக்கில்லே. மாசக்கணக்கா தேடினதுப்பா!

— அதுக்கு ஆண்டெனா என்ன பண்ணும்?

— நிக்க வெச்சா சிக்னல் பக்கவாட்டுல பரவி என் ரூமுக்கு வரும். படுக்கப் போட்டா மேலயும் கீழயும் போயிடும். கீழ மண்ணு. மேல யாரு?

— எனக்கென்ன தெரியும்? வாடகைக்கு விடற போர்ஷன்.

— மேல இருக்கறது அம்மா! உன்னாலதான் அங்க போய் உக்காந்திருக்கா. பெங்களூருக்குப் புதுசா வந்தவாளுக்கு ஆன்லைன்ல கன்னடம் சொல்லித் தராளேன்னு பெருமைப்படாம, ரங்கா சித்தப்பா முன்னாடி என்ன சொன்னே?

— "காய்கறிக்காரன்கிட்ட பேரம் பேசற கன்னடத்துக்கு ஒரு கிளாஸா"ன்னேன். செக்ரடேரியட்ல காலம் பூரா கன்னடத்துல ஃபைல் எழுதின இந்த சீனிவாசராகவன் அது கூடச் சொல்லக் கூடாதா? அதுக்குப் பெட்டியைத் தூக்கிண்டு மாடி ஏறிடறதா? இத்தனை வாரமா, பி.பி. மாத்திரை சாப்பிட்டேளான்னு கேக்க ஒரு நாதி இல்லே!

— நன்னா வேணும் உனக்கு. சரி, அவ்வளவு கோவம்னா மாடிக்கு எதுக்கு சிக்னல் அனுப்பறே?

— யார் அனுப்பினா? அபாண்டம்!

— அப்போ நிமிர்த்திடறேன்.

— தொடாதே! அவ கிளாஸும் பத்து மணிக்குத்தான். நடுவுல கட்டானா படிக்கறவா என்ன நினைப்பா? இன்னைக்கு வேற இறந்தகாலம் எடுக்கறா.

— அது உனக்கெப்படித் தெரியும்?

— மாடிலேருந்து ஏதோ காதுல விழுந்தது.

— அப்பா, என்னைப் பாரு. சுதீர்னு ஒரு ஸ்டூடண்ட், கேமராவே போட மாட்டார், சந்தேகமா கேட்டுத் தள்ளுவார்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாளே...

— விகுதி தப்பா சொன்னா எப்படி வாயை மூடிண்டு இருக்கறது?

— ஐயோ! நீயா சுதீர்?

— கத்தாதே, மேல கேக்கும்! ரெண்டு ஆண்டெனா இருக்கோல்லியோ? ஒண்ணை உனக்கு நிமிர்த்திக்கோ. இன்னொண்ணு படுத்துண்டே இருக்கட்டும்.

— அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைக் கிளாஸை விட்டே துரத்திடுவா.

— துரத்தறதாவது! நேத்து அத்தனை பேர் நடுவுல, கேள்வி வாக்கியத்துக்கு உதாரணம்னு சொல்லிண்டு அவ என்ன கேட்டா தெரியுமா? "சுதீர் அவ்ரே, பி.பி. மாத்ரெ தொகொண்ட்ரா?"