யானை மிதிச்ச கெமரா

அந்தோனியார் மேல சத்தியமா சொல்றேன் தம்பி, இதுவரைக்கும் நான் சொன்னதுல ஒரு சொல்லுகூடப் பொய் கெடையாது. கெமராவ யானை மிதிச்சிருச்சு. லக்கலயில. ஒரு கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். ஃபிளாஷ் அடிச்சதும், சேனைப் பயிருக்குள்ள நின்ன கொம்பனுக்குக் கோவம் வந்துருச்சு. பொண்ணு மாப்பிள்ளைய ஏறெடுத்தும் பாக்கல, நேரா என்னையத் தேடி வந்துச்சு. நான் பாலை மரத்துல ஏறிட்டேன். எழுபத்தொரு வயசுல ஏறுனது நான் ஒருத்தன், எறக்குறதுக்குத்தான் நாலு பேர் வேண்டியிருந்துச்சு. கெமரா கீழ விழுந்துச்சு. ஒரே மிதி. அப்பளம்.

சிரிக்காதீங்க. மாத்தளை டவுன்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. ரெண்டு கெழமையா எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.

எது? அந்த அலுமாரிக்கு அடியிலயா? அது பெல்ட்டு. கெமரா பெல்ட்டுதான். யானை அதை மட்டும் விட்டுட்டுப் போச்சு. நல்ல தோலு, அதான் ஞாபகத்துக்கு வச்சிருக்கேன். இழுக்காதீங்க தம்பி, அடியில பூரான் இருக்கு. போன மாசம் ஒருத்தனக் கடிச்சு அவன் இன்னும் ஆஸ்பத்திரியில... இழுக்காதீங்கன்னு சொல்றேன்ல.

சரி. இழுத்துட்டீங்க.

ஆமா, கெமராதான். மிதிபடாத கெமரா. மேசையில வைங்க. மெதுவா. பட்டன் ஒண்ணையும் அமுக்கிறாதீங்க.

மொதல்ல ஒக்காருங்க. பிளேன்டீ போடச் சொல்லவா? நோன்பா. மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. அப்ப நானும் குடிக்கல.

பாறூக்னுதானே பேரு சொன்னீங்க. பாறூக் தம்பி, ஒங்க கோவம் எனக்கு வெளங்குது. மூணு கடுதாசி போட்டது இந்தச் செபஸ்தியன்தான், இல்லேன்னு சொல்லல. ஜனவரியில ஒங்க கண்டிக் கடையில வாங்குன கெமரா, ஒரு வருச வாறண்டி இருக்கு, எடுக்குற படமெல்லாம் தட்டம்மை போட்ட மாதிரி வருது, மாத்திக் குடுக்காட்டி கொழும்புக்கு எழுதுவேன்னு மெரட்டுனதும் நான்தான். ஆறு மாசமா மூச்சு விடாத ஒங்க மொதலாளி, இப்பப் பாத்து நோன்போட ஒங்கள பஸ் ஏத்தி, புதுக் கெமராவப் பெட்டியோட குடுத்தனுப்பியிருக்காரு. பழசக் குடு, புதுசப் புடி. நல்ல மனுசன். ஆனா நான் குடுக்க மாட்டேன்.

மாட்டேன்னா மாட்டேன்தான். எந்தப் பாரத்துலயும் கையெழுத்து வைக்க மாட்டேன். அந்தப் புதுசு பெட்டியிலயே இருக்கட்டும், தெறக்காதீங்க. ஆசைப்பட்டுருவேன்.

அதுக்கு என்னமோ பேரு சொன்னீங்களே. பிக்சல். அது பழுதாப் போனா இப்பிடித்தான் ஆகுமா? எனக்கு அது மூணு புள்ளி. ரெண்டு செவப்பு, ஒரு வெள்ளை, அடுப்புக்கல்லு வச்ச மாதிரி. கலியாண வீடோ செத்த வீடோ, எந்தப் படம்னாலும் அதே எடம், அதே மூணு. நாப்பது வருசம் பிலிம் கழுவுன கை இது. அப்பெல்லாம் புள்ளி விழுந்தா பென்சிலக் கூராச் சீவித் தொட்டு மறைச்சிருவேன். இதை எங்க போய்த் தொடுறது? தூசின்னு நெனச்சு பனியன் துணியால தொடச்சுப் பாத்தேன். ஈரம்னு நெனச்சு அரிசி டின்னுக்குள்ள மூணு நாள் போட்டு வச்சேன். எடுத்துப் பாத்தா, அரிசி வண்டு ஒண்ணு உள்ள போய்க் குடியிருக்கு, மூணு புள்ளி நாலாயிருச்சு. நாலாவது புள்ளி நடக்கும். படத்துக்குப் படம் எடம் மாறும்.

சரி, வண்டு பொய். மூணு புள்ளி நெசம்.

எங்க அந்தோனியார் கோயில் பாட்டுக் கூட்டத்துல அந்தோனியம்மான்னு ஒரு கெழவி. புருசன் செத்து இருவது வருசம், வெள்ளைச் சாரியத் தவிர வேற ஒண்ணும் கட்டாது. மகன் இத்தாலியில. அம்மா படம் ஒண்ணு பெருசா அனுப்புங்கன்னு கேட்டிருக்கான். எடுத்துக் குடுத்தேன். ஒரு செவப்பு, நடு நெத்தியில போய் ஒக்காந்துருச்சு. பொட்டு. பூசைக்கு மொத வரிசையில ஒக்கார்ற கெழவிக்குக் குங்குமப் பொட்டு. மகன் போன் எடுத்துட்டான், யாரக் கட்டிக்கிட்டீங்கம்மா, எந்தக் கோயில்லன்னு. கெழவி கொடையோட கடைக்கு வந்துச்சு. அன்னிக்கு மழை இல்ல.

அதுகூடப் போகட்டும். சந்திரகாந்தாவோட கதையக் கேளுங்க. மேல தோட்டத்துல கொழுந்து எடுக்குற புள்ள. தகப்பன் நல்லையா, மாப்பிள்ள வீட்டுக்குக் காட்ட ஒரு படம் வேணும்னு கூட்டிட்டு வந்தாரு. செவப்பு ரெண்டும் காதோரத்துப் பூவுக்குள்ள ஒளிஞ்சிருச்சு. வெள்ளை மட்டும் சரியா மூக்குல. சும்மா இல்ல, மினுங்குது. மாப்பிள்ள வீட்டுல படத்தப் பாத்துச் சரின்னுட்டாங்க. நிச்சயத்துக்கு வந்து நேர்ல பாத்தா மூக்கு வெறும் மூக்கு. படத்துல இருந்த வைர மூக்குத்தி எங்கன்னு மாப்பிள்ளையோட தாய் கேக்குது. எந்த மூக்குத்தின்னு நல்லையா முழிக்கிறாரு. வித்துட்டீங்களா, மூத்தவளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுட்டீங்களான்னு பேச்சு ஏறுது. ஆள் விட்டு என்னையக் கூப்பிட்டாங்க. மூக்குத்தி இல்லம்மா, கெமராவுல கோளாறுன்னு நான் உள்ளதச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. செபஸ்தியன் புளுகுறான்னாங்க. வாழ்க்கையில என்னைக்கோ ஒரு நாள் உண்மையச் சொன்னா அதுக்கு இந்த மரியாதை.

மாப்பிள்ளதான் எந்திரிச்சான். மாரிமுத்துன்னு பேரு, தம்புள்ளை மார்க்கட்டுல மரக்கறி மூட்டை தூக்குறவன். மூக்குத்தியவா கட்டிக்க வந்தோம், எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு, கெளம்பும்மான்னான். முடிஞ்சுது சண்டை. மே மாசம் கலியாணம். அந்த மூக்குத்திய அவனே வாங்கிப் போட்டான், சின்னதா ஒண்ணு.

கலியாணப் படமும் நான்தான். அதுக்குள்ள ஒரு வழி கண்டுபுடிச்சிருந்தேன். பின்னால பூப்போட்ட திரையத் தொங்கவிட்டு, ஆள எடது பக்கமாத் தலையச் சாய்க்கச் சொன்னா, மூணு புள்ளியும் திரையில விழுந்து பூவோட பூவாயிரும். மாரிமுத்துக்கு அது பெரிய வேடிக்கை. மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு, இப்ப மூக்குத்தி தப்பிச்சுதா ஐயான்னு கேட்டுக் கேட்டுச் சாய்ச்சான். பொண்ணு சிரிச்சு சிரிச்சு ஏழெட்டுப் படம் வீணாப்போச்சு. அந்தா செவத்துல பாருங்க, இந்த வருசம் எடுத்த படம் அத்தனையும். மாத்தளைச் சனமே ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது.

என்னது? மாத்தவே வேணாமா, இங்கயே சரி பண்ணலாமா? அந்தப் புள்ளி எது எதுன்னு கெமராவுக்குச் சொல்லிக் குடுத்தா, அதுவே பக்கத்து நெறத்தப் போட்டு மூடிக்குமா. அஞ்சு நிமிசமா.

கைய எடுங்க.

கைய எடுங்க தம்பி. ஒங்க வயசுக்கு நான் சத்தம் போட்டா நல்லாருக்காது. அந்த மூணும் இருக்கணும். ஒண்ணு கொறையக் கூடாது, ஒண்ணு நகரக் கூடாது. ஒங்க மொதலாளியே நேர்ல வந்து கால்ல விழுந்தாலும் இதுதான் பதில்.

ஏன்னு தெரியாம போக மாட்டீங்க, அப்பிடித்தானே. கதவச் சாத்துங்க. ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைங்க.

ஜுலை மாசம் ஒரு நாள் யூனிபோம் போட்டவங்க ஜீப்பு வந்துச்சு. எந்த எடம்னு கேக்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன். அவங்க கெமரா பழுதாம், நீ வான்னாங்க. வரமாட்டேன்னு சொல்ற காலமா இது? போனேன். சாம்பல் கலர் செவரு. ரவுண்டப்புல ஊரச் சுத்தி வளைச்சுப் புடிச்ச பதினாலு பேர வரிசையா நிப்பாட்டியிருக்காங்க. ஒருத்தன் என் கெமராவுல இருந்த, படம் பதியுற மெமரி காட்டக் கழட்டி என் சட்டைப் பையில போட்டான். எங்க காட் ஒண்ணு வரும், அதுலதான் எடுக்கணும்னான். அது வர்றதுக்குள்ள, பழைய பழக்கம் தம்பி, வெளிச்சம் பாக்குறதுக்காக மொத ஆளப் பாத்து ஒரு படம் தட்டுனேன். பிலிம் காலத்துலேருந்து எனக்கு மொதப் படம் சும்மா படம். அது பதிஞ்சு நிக்கும்னு நெனச்சுத் தட்டல.

மொத ஆளு மாரிமுத்து.

என்னையப் பாத்தான். கெமராவத் தூக்குனதும், நான் ஒண்ணும் சொல்லாமலே, தலைய எடது பக்கம் சாய்ச்சான்.

பொறவு அவங்க காட் வந்துச்சு, பதினாலு பேரையும் எடுத்தேன், காட்ட வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான்னு நெனச்சேன். ரெண்டு கெழமைக்கு முன்னால ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போறப்ப காட்டப் போட மறந்துட்டேன். காட் இல்லாட்டியும் பத்துப் படத்த இது தன் வயித்துல வச்சுக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அவங்களுக்கு இன்னும் தெரியாது. புள்ளை படத்தத் தேடிப் பின்னால தட்டுறேன், அவன் நிக்கிறான். ஜுலை மாசத் தேதியோட. அங்க ஏது பூத்திரை? தோளுக்கு மேல மூணு புள்ளியும் பளிச்சுனு நிக்குது.

இருங்க, இன்னும் இருக்கு. இதுக்கு முன்னால, ஆகஸ்ட்டுல, சந்திரகாந்தா என்கிட்ட வந்தா. மூணு மாசம் முழுகாம இருக்கா. அப்பிடி ஒரு ஆள நாங்க புடிக்கவே இல்ல, பேரே கேள்விப்பட்டதில்லன்னு சொல்லிட்டாங்களாம். கலியாணப் படத்துல அவர மட்டும் பெருசாக்கித் தாங்க ஐயான்னா. நான் பாத்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பயம். அந்தப் பயத்துல ஒரு கதை விட்டேன். கலேவெலயில ஏதோ லொறியில பாத்ததா ஒருத்தன் சொன்னான், தெரிஞ்ச ஆளு, பயப்படாதம்மான்னு. ஊர்ல ஒருத்தரும் என்னைய நம்ப மாட்டாங்க. அவ நம்பிட்டா. மூணு நாள் கலேவெலயில ஒவ்வொரு லொறியாப் போய்க் கேட்டுட்டு, காலு வீங்கி வந்து நின்னா. நீங்க சொன்ன லொறி எதுன்னு கேட்டா தம்பி. நெறம் என்னன்னு கேட்டா.

அதனாலதான் படத்தப் பாத்த அன்னிக்கே கண்டிக்குப் போனேன். மார்ஜரின்னு ஒரு லோயர் அம்மா. கேஸ் போடலாம்னாங்க. ஆனா, படத்த மட்டும் குடுத்தா, கெழவன் கம்பியூட்டர்ல ஒட்டுனதுன்னு சொல்லுவாங்க, ஒங்க பேரு அப்பிடி மிஸ்டர் செபஸ்தியன்னாங்க. கண்டி வரைக்கும் போயிருக்கு என் புகழு. அதனால கெமராவே கோட்டுக்கு வரணும். ஜட்ஜ் ஐயா தன் கையால ஒரு படம் எடுத்துப் பாக்கட்டும். அதுலயும் இதே எடத்துல இதே மூணு விழும். அந்தோனியம்மா நெத்தியில விழுந்தது, அந்தப் புள்ள மூக்குல விழுந்தது, மாரிமுத்து தோளுக்கு மேல நிக்கிறது, எல்லாம் ஒண்ணுதான்னு அப்ப தெரியும். இது என்னைய மாதிரி இல்ல தம்பி. கேக்குறப்பல்லாம் ஒரே கதையத்தான் சொல்லும்.

பயமா? இருக்கு. அதுக்காகக் குடுத்துருவேனா? அவன் எனக்காகத் தலையச் சாய்ச்சான்.

இன்னைக்கு சனி. திங்கக்கெழம லோயர் அம்மா வந்து சீல் வச்சு எடுத்துட்டுப் போறாங்க. அதுவரைக்கும் இது அலுமாரிக்கு அடியிலதான். யானை மிதிச்சதுன்னு ரெண்டு கெழமையா நானே ஊரெல்லாம் பரப்பியிருக்கேன். ஒருத்தரும் நம்பல. கெழவன் போட்டு ஒடச்சிட்டு யானை தலையில பழியப் போடுறான்னு நெனச்சிக்கிட்டாங்க. அதுதான் எனக்கு வேணும். ஒடஞ்ச கெமராவ யாரு தேடி வரப்போறா?

நீங்களும் அதையே மொதலாளிகிட்டச் சொல்லிருங்க. வாயால மட்டும், ஒண்ணும் எழுத வேணாம். யானை மிதிச்சதுக்கு வாறண்டி கெடையாதுன்னு அவரே சொல்லிருவாரு. புதுசத் தூக்குங்க, அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனாத்தான் நோன்பு தொறக்க வீடு போய்ச் சேரலாம். போறப்ப இதைப் பழைய எடத்துலயே வச்சிருங்க, எனக்குக் குனிய முடியாது. பெல்ட்டையும் நல்லா உள்ள தள்ளுங்க, நீங்க கண்டுபுடிச்ச மாதிரி இன்னொருத்தர் கண்டுபுடிச்சிறக் கூடாது.

அப்புறம் ஒண்ணு. மாரிமுத்து கதைய நான்தான் சொன்னேன்னு ஒரு ஆளுகிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க. திங்கக்கெழம வரைக்கும் போதும். பொறவு கோட்டுல ஏறி என் வாயாலேயே சொல்லிக்கிறேன். அதுக்குள்ள யாராச்சும் புடிச்சு, யாரு சொன்னான்னு கேட்டா, யானை சொன்னுச்சுன்னு சொல்லுங்க. என் பேரு வேணாம்.